இலோனா ஸ்லூபியானெக்கின் 22.41: யாரும் தொடாத ஒரு சாதனையை எப்படி வாசிப்பது?

ஒலிம்பிக் தடகளச் சாதனைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெண்கள் குண்டு எறிதலுக்கு நேரே 22.41 மீட்டர் என்று இருக்கும். நாள் 24 ஜூலை 1980. இடம் மாஸ்கோ. பெயர் இலோனா ஸ்லூபியானெக், கிழக்கு ஜெர்மனி.

அதற்கப்புறம் பதினோரு ஒலிம்பிக் நடந்து முடிந்துவிட்டன. 1988 சியோலில் சோவியத்தின் நடால்யா லிசோவ்ஸ்கயா 22.24 வரை வந்தார். அவ்வளவுதான். அதன் பிறகு வந்த தங்கங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் விஷயம் புரியும். 1996 அட்லாண்டா 20.56. 2000 சிட்னி 20.56. 2008 பெய்ஜிங் 20.56. 2012 லண்டன் 20.70. 2016 ரியோ 20.63. 2021இல் நடந்த டோக்கியோ 20.58. 2024 பாரிஸில் ஜெர்மனியின் யெமிசி ஒகுன்லேயே தங்கம் வென்ற தூரம் சரியாக 20.00. அதாவது 44 வருஷத்தில் தங்கத்தின் விலை 2 மீட்டர் 41 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது!

இதே காலத்தில் ஆண்கள் பக்கம் என்ன நடந்தது? மாஸ்கோவில் ஆண்கள் தங்கம் 21.35. பாரிஸில் ரயன் க்ரௌஸர் எறிந்தது 22.90. அங்கே ஒன்றரை மீட்டர் ஏற்றம், இங்கே இரண்டரை மீட்டர் இறக்கம். குண்டு அதேதான், பெண்களுக்கு 4 கிலோ, ஆண்களுக்கு 7.26 கிலோ. வட்டமும் அதேதான், 2.135 மீட்டர் விட்டம். உணவு, பயிற்சி, காணொளி வைத்துச் செய்கிற நுட்ப ஆய்வு என்று எல்லாமே வளர்ந்திருக்கிறது. அப்படியிருக்க, பெண்கள் மட்டும் ஏன் பின்னால் போனார்கள்?

பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஊக்கமருந்து. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டு நகர்ந்துபோவதில்தான் எனக்குச் சிக்கல். ஸ்லூபியானெக்கின் வாழ்க்கையை மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மூன்றுமே அரைகுறை என்பது என் கட்சி. ஏன் என்று பார்ப்போம்.

பட்டியல் சொல்லும் கதை

முதல் விதம், சாதனைப் புத்தகம் சொல்வது. அதன்படி கதை இப்படிப் போகும்.

1956 செப்டம்பரில் வடகிழக்கு ஜெர்மனியின் டெம்மின் நகரில் பிறந்தவர். பிறந்த பெயர் இலோனா ஷோக்னெக்ட். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், இருபது வயது நிரம்பும் முன்பே, 20.54 மீட்டர் எறிந்து ஐந்தாம் இடம். பிறகு ஸ்லூபியானெக் என்ற பெயரில் 1978 ப்ராக் ஐரோப்பிய சாம்பியன். 1980 மே 2ஆம் தேதி 22.36, மே 11ஆம் தேதி 22.45 என்று ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு உலக சாதனைகள். ஜூலையில் மாஸ்கோ தங்கம். வெள்ளி வென்ற சோவியத் வீராங்கனை க்ரச்செவ்ஸ்கயா எறிந்தது 21.42, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வித்தியாசம். 1982 ஏதென்ஸில் மறுபடி ஐரோப்பிய சாம்பியன். 1983 ஹெல்சிங்கியில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். அவரது 22.45 உலக சாதனையாக 1984 வரை நின்றது. ஜெர்மனியின் தேசிய சாதனையாக இன்றும் நிற்கிறது.

அழகான ஏறுமுகம், இல்லையா? இதில் ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். பட்டியல்களும் பெரும்பாலும் அதை விட்டுவிடும். 1977 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் நடந்த ஐரோப்பியக் கோப்பையில் அவரது சிறுநீர் மாதிரியில் அனபாலிக் ஸ்டீராய்டு கண்டுபிடிக்கப்பட்டது. ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. 1978 ஆகஸ்ட் கடைசியில் ப்ராக் போட்டி தொடங்கியபோது தடை முடிந்து சில வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை. வந்தார், வென்றார்.

ஓராண்டு ஒதுக்கிவைக்கப்பட்ட ஒருவர் திரும்பி வந்த வேகத்திலேயே ஐரோப்பாவின் உச்சிக்குப் போகிறார், இரண்டு வருஷத்தில் உலகத்தின் உச்சிக்கு. தடை ஒரு தண்டனையாக இருந்திருந்தால் அதன் தழும்பு அந்த எண்களில் எங்கேயாவது தெரிய வேண்டும். தெரியவில்லை. பட்டியல் சொல்லும் கதையில் எனக்கு முதல் உறுத்தல் இங்கேதான்.

ஒரு தோல்வியிலிருந்து அரசு கற்ற பாடம்

1977இல் நடந்ததைத் தனி ஒருவர் மாட்டிக்கொண்ட சம்பவமாகப் படித்தால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கிழக்கு ஜெர்மன் அரசு அதை எப்படிப் படித்தது என்பதுதான் முக்கியம்.

அந்த அரசு 1974லேயே விளையாட்டில் மருந்துப் பயன்பாட்டை ரகசிய அரசுத் திட்டமாக்கிவிட்டது. அதற்கு 14.25 என்று ஒரு திட்ட எண்கூட உண்டு. யேனாபார்ம் நிறுவனம் தயாரித்த ஓரல்-டூரினபோல் என்ற மாத்திரைதான் அதன் முதுகெலும்பு. ஆவணங்களில் இதற்கு ஸ்டீராய்டு என்ற பெயரே வராது. "துணைப் பொருள்கள்" என்றுதான் எழுதுவார்கள். கேட்டால் ஏதோ காலணி, கைப்பட்டை மாதிரி தோன்றும்! நம்முடைய சொல்லும் கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான். ஊக்கமும் நல்ல சொல், மருந்தும் நல்ல சொல். இரண்டையும் சேர்த்து ஒரு நஞ்சுக்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

சரி, ஹெல்சிங்கிக்கு வருவோம். மாட்டிக்கொண்டதும் ஒரு அரசுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கொடுப்பதை நிறுத்துவது. இன்னொன்று, மாட்டாமல் பார்த்துக்கொள்வது. அவர்கள் எடுத்தது இரண்டாவது வழியை. ட்ரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் க்ரைஷா என்ற ஊரில் ஊக்கமருந்துப் பரிசோதனை ஆய்வகம் ஒன்று இருந்தது. ஒரு வீரர் வெளிநாட்டுப் போட்டிக்குப் புறப்படுவதற்கு முன்னால் அவரது மாதிரி அங்கே போகும். மருந்தின் சுவடு இல்லையென்றால் விமானம் ஏறலாம். இருந்தால் அவருக்குத் திடீரென்று காயம் பட்டுவிடும், வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

வேலியே பயிரை மேய்வது என்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம். குற்றத்தைப் பிடிக்கக் கண்டுபிடித்த கருவியையே குற்றத்தை மறைக்கும் கருவியாக மாற்றிவிட்டார்கள். அறிவியலும் இதற்குத் துணை போனது. போட்டிக்குச் சில வாரம் முன்பு மாத்திரையை நிறுத்திவிட்டு, அந்த இடைவெளியை டெஸ்டோஸ்டிரோன் ஊசியால் நிரப்புவார்கள். டெஸ்டோஸ்டிரோன் உடம்பிலேயே இயற்கையாக ஊறுவது என்பதால் அன்றைய பரிசோதனைகளில் அது சிக்காது. 1980களின் தொடக்கத்தில் டெஸ்டோஸ்டிரோனுக்கும் எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் சோதனை வந்தது. உடனே எபிடெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்து ஏற்றி விகிதத்தைச் சரிக்கட்டினார்கள். பூட்டு மாற மாற சாவியும் மாறிக்கொண்டே இருந்தது.

இந்த வெளிச்சத்தில் மாஸ்கோவைப் பாருங்கள். 1980 ஒலிம்பிக்கில் அதிகாரபூர்வமாக ஊக்கமருந்துக்காக ஒருவர்கூடப் பிடிபடவில்லை. ஒரே ஒருவர்கூட! ஸ்லூபியானெக்கும் பிடிபடவில்லை. ஆகவே விதிப்படி 22.41 சுத்தமான எண். இந்த விதிப்படி என்ற வார்த்தையைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். ஒரு பரிசோதனையில் தேறுவதற்கு மதிப்பு இருக்க வேண்டுமானால் அந்தப் பரிசோதனையில் தோற்கவும் வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். வீட்டிலேயே விடைத்தாளைத் திருத்திப் பார்த்து, தேறியவர்களை மட்டும் தேர்வுக்கு அனுப்பினால் எல்லோரும் தேறத்தான் செய்வார்கள். அந்தத் தேர்ச்சிச் சான்றிதழ் யாரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை.

மாத்திரைதான் எறிந்ததா?

இரண்டாவது விதக் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடும். "அதெல்லாம் மாத்திரை எறிஞ்சதுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு இதுவும் உடன்பாடில்லை.

குண்டு எறிதல் என்று நாம் சொல்கிறோமே தவிர, விதியின்படி அது எறிதல் இல்லை. குண்டு கழுத்தோடு ஒட்டியிருந்து தோளிலிருந்து உந்தப்பட வேண்டும். ஜெர்மன் மொழியில் விளையாட்டின் பெயரிலேயே அந்த உந்துதல் இருக்கிறது. சறுக்கு முறையில் வீராங்கனை எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்பார். குனிந்து, ஒற்றைக் காலில் பின்னோக்கிச் சறுக்கி, வட்டத்தின் நடுவில் கால் பதித்து, இடுப்பு முதலில், மார்பு அடுத்து, கை கடைசியாக என்று ஒரு சாட்டையைப் போலத் திரும்புவார். மொத்த வேலையும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். கிழக்கு ஜெர்மன் பள்ளி இந்தச் சறுக்கலைக் கிட்டத்தட்ட ஒரு பொறியியல் துறையாகவே வளர்த்திருந்தது. மாத்திரை தசையைக் கூட்டும், களைப்பிலிருந்து சீக்கிரம் மீட்கும், அதனால் இன்னும் அதிகமாகப் பயிற்சி செய்ய விடும். காலை எப்போது பதிப்பது என்று சொல்லித் தராது.

தவிர, அந்தத் திட்டத்தில் இருந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். 22 மீட்டர் போனவர்களோ கை விரலுக்குள் அடங்குவார்கள். எல்லோருக்கும் ஒரே எரிபொருள் கிடைத்தபோதும் ஒருவர் மட்டும் ஒரு மீட்டர் முன்னால் போகிறார் என்றால் அங்கே ஒரு அபாரமான வீராங்கனை இருந்திருக்கிறார். அதை மறுப்பதற்கில்லை. அந்த வீராங்கனை மருந்தின் நிழலே படாத ஒரு உலகத்தில் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்ற எண்ணைத்தான் அந்த அரசு நம்மிடமிருந்து நிரந்தரமாகப் பறித்துக்கொண்டது. அவரிடமிருந்தும்தான். திருட்டு என்று சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பெண்கள் போட்டிகளில் இந்தத் திருட்டு ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஆணின் உடம்பில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. பெண்ணின் உடம்பில் அது மிகக் குறைவு. ஆகவே வெளியிலிருந்து ஏற்றும் அதே மாத்திரை பெண்ணிடம் பல மடங்கு வேலை செய்யும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் மார்கிட்டா கும்மெல் ஒரே நாளில் 19.07, 19.61 என்று இரண்டு முறை உலக சாதனையை உடைத்து, 19 மீட்டரைத் தாண்டிய முதல் பெண் ஆனார். பிற்பாடு வெளிவந்த ஆவணங்களில் அவர் மாத்திரை எடுக்கத் தொடங்கிய காலமும் தூரம் எகிறிய காலமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. விளையாட்டு அதிகாரிகளுக்கு அது ஒரு செய்முறை விளக்கம் மாதிரி ஆகிவிட்டது. 19.61இலிருந்து 22.41 வரை ஒரு நேர்க்கோடு போட்டால் அது பன்னிரண்டு வருஷ ஆராய்ச்சியின் கோடு. அந்த ஆராய்ச்சி நடந்தது பெண்களின் உடம்பில்.

வில்லன் ஒரே ஒருவர்தானா?

மூன்றாவது விதம், பனிப்போர்ப் படங்களில் வருவது. சுவருக்கு அந்தப் பக்கம் அரக்கர்கள், இந்தப் பக்கம் அப்பாவிகள்.

இந்த விஷயம் நமக்குத் தெரிய வந்ததற்கே சுவர் இடிந்ததுதான் காரணம் என்பது உண்மை. கிழக்கு ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் மேற்கே வந்து, வட்டு எறிதலிலும் குண்டு எறிதலிலும் மேற்கு ஜெர்மனிக்காக ஆடிய பிரிகிட்டே பெரெண்டோங்க் 1969லேயே டி ட்ஸைட் வார இதழில் இதைப் பற்றி எச்சரித்து எழுதினார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவர் விழுந்த பிறகு அவரும், ஹைடல்பெர்க்கில் உயிரணு ஆய்வாளராக இருந்த அவரது கணவர் வெர்னர் ஃப்ராங்கேயும் சேர்ந்து, பாட் சாரோ ராணுவ மருத்துவ நிறுவனத்தில் அழியாமல் தப்பியிருந்த ரகசிய ஆய்வேடுகளைக் கண்டெடுத்தார்கள். 1991இல் பெரெண்டோங்க்கின் புத்தகம் வந்தது. மருந்தின் பெயர், அளவு, தேதி என்று எல்லாம் காகிதத்தில் இருந்தன. எதையும் எழுதிவைக்கும் அந்த அரசின் பழக்கமே கடைசியில் அதற்கு எதிரான சாட்சி ஆனது. 2000இல் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் தலைவர் மான்ஃப்ரெட் ஏவால்டுக்கு 22 மாதமும், மருத்துவர் மான்ஃப்ரெட் ஹொப்னருக்கு 18 மாதமும் சிறைத் தண்டனை விதித்து, இரண்டையும் நிறுத்திவைத்தது. வீராங்கனைகளுக்கு உடல் தீங்கு விளைவித்ததற்கு உடந்தை என்பது குற்றம். ஒரு நாள்கூட யாரும் உள்ளே இருக்கவில்லை.

ஆனால் மேற்கு ஜெர்மனி மட்டும் என்ன, துளசித் தீர்த்தமா? 1987இல் மைன்ஸ் நகரில் ஏழு விளையாட்டு வீராங்கனை பிர்கிட் ட்ரெஸல் 26 வயதில் இறந்தார். அதுவரை அவருக்கு ஏற்றப்பட்டிருந்த மருந்துகளின் பட்டியல் அந்த நாட்டையே உலுக்கியது. 2013இல் வெளிவந்த ஒரு பெரிய பல்கலைக்கழக ஆய்வு, மேற்கிலும் அரசுப் பணத்தில் இத்தகைய ஆராய்ச்சிகள் நடந்ததைக் காட்டியது. வித்தியாசம் எங்கே என்றால், மேற்கில் மறுப்பதற்கு ஒரு வழி இருந்தது. கிழக்கில், அதுவும் சிறுவர் சிறுமியருக்கு, அதுவும் கிடையாது.

இந்த இடத்தில் ஹைடி க்ரீகரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்லூபியானெக் ஆடிய அதே டைனமோ பெர்லின் சங்கத்தில் வளர்ந்தவர். பதினாறு வயதிலிருந்தே நீல நிற மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. வைட்டமின் மாதிரி ஏதோ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். 1986 ஸ்டுட்கார்ட்டில் 21.10 எறிந்து ஐரோப்பிய சாம்பியன். இடுப்பு, முதுகு, முழங்கால் எல்லாம் கெட்டு, சீக்கிரமே ஆட்டத்தை விட்டார். 1997இல் பாலின மாற்று அறுவை செய்துகொண்டு ஆண்ட்ரியாஸ் க்ரீகர் ஆனார். பெர்லின் வழக்கில் சாட்சி சொன்னார்.

இந்தக் கதையை உலகப் பத்திரிகைகள் எப்படிச் சொல்கின்றன? மாத்திரை ஒரு பெண்ணை ஆணாக்கிவிட்டது என்று. பரபரப்பான தலைப்பு, ஆனால் தப்பான வாசிப்பு. க்ரீகர் தன் பேட்டிகளில் சொல்லிவருவது அதைவிட நுட்பமானது. தான் யார் என்ற குழப்பம் தனக்கு முன்பே இருந்தது, ஆனால் அதைத் தானே நிதானமாகக் கண்டுகொண்டு முடிவெடுக்கும் உரிமையை அரசு பறித்துவிட்டது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். ஆணாக இருப்பதில் அவருக்கு வருத்தம் இல்லை, முடிவைத் தன்னிடம் கேட்காமல் எடுத்தார்கள் என்பதில்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் தெரியாமல் எழுதுகிறவர்கள் அவரை இன்னொரு முறை காட்சிப் பொருள் ஆக்குகிறார்கள். அவரது 1986 தங்கப் பதக்கம் இன்று ஊக்கமருந்து எதிர்ப்புக்குப் பாடுபடுவோருக்குத் தரும் ஒரு விருதின் பாகமாகியிருக்கிறது. அந்த விருதின் பெயர் ஹைடி க்ரீகர் பதக்கம். ஒரு பதக்கத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கு ஒரு எண்ணை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

அழிப்பதா, வைப்பதா?

வழக்கமாக இரண்டு கட்சிகள் உண்டு. அழித்துவிடு என்பது ஒன்று. இருந்துவிட்டுப் போகட்டும் என்பது இன்னொன்று.

ஒலிம்பிக் குழு இரண்டாவது கட்சி. 1998இல் அமெரிக்க, பிரிட்டிஷ் ஒலிம்பிக் சங்கங்கள் கிழக்கு ஜெர்மன் காலத்து நீச்சல் பதக்கங்களைப் பற்றி மறுபரிசீலனை கேட்டபோது, அது மறுத்துவிட்டது. பழைய வரலாற்றைக் கிளறினால் எங்கே போய் நிற்கும் என்ற பயம்.

முதல் கட்சி 2017இல் ஐரோப்பியத் தடகளச் சங்கத்திலிருந்து எழுந்தது. மாதிரிகளைச் சேமித்து வைக்கும் பழக்கம் 2005இல் தொடங்கியதால், அதற்கு முந்தைய சாதனைகளை எல்லாம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று ஒரு யோசனை. உடனே பௌலா ராட்க்ளிஃப், ஜோனதன் எட்வர்ட்ஸ் போன்றவர்கள் கொதித்தெழுந்தார்கள். நியாயம்தான். 2003இல் ஓடியவருக்கும் 1980இல் எறிந்தவருக்கும் ஒரே தண்டனை என்றால் எந்த ஊர் நீதி? யோசனை அப்படியே படுத்துவிட்டது.

என் கருத்தில் இரண்டு கட்சிகளும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகின்றன. சாதனையை எடுப்பதும் ஆளைத் தண்டிப்பதும் ஒன்றே என்று இருவரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பதிவு வேறு, குற்றம் வேறு.

குற்றம் என்றால் ஒருவருக்குத் தெரிந்ததா, விருப்பம் இருந்ததா, மறுக்க முடிந்திருக்குமா என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். ஸ்லூபியானெக் 1977இல் வயது வந்தவர். க்ரீகர் பதினாறு வயதுப் பிள்ளை. அந்த வித்தியாசம் குற்றத்தை அளக்கும்போது மலையளவு பெரிது. பதிவு என்றால் கேள்வி மிகச் சின்னது. இந்த எண் எந்த நிலைமையில் எடுக்கப்பட்டது, அந்த நிலைமையில் அளந்த அளவை இன்றைய அளவோடு ஒப்பிட முடியுமா? நூறு மீட்டர் ஓட்டத்தில் பின்காற்று நொடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனையாக ஏறாது. ஓடியவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்வதில்லை. வென்ற பரிசையும் பிடுங்குவதில்லை. "காற்றுதவி" என்று ஒரு குறி போட்டுத் தனி வரிசையில் வைக்கிறார்கள், அவ்வளவுதான். தடகளத்துக்கு இந்த நாகரிகம் ஏற்கெனவே தெரியும்.

அதையே இங்கேயும் செய்யலாம் என்கிறேன். ஓர் அரசே தன் பரிசோதனை ஆய்வகத்தைக் கொண்டு சர்வதேசப் பரிசோதனையை முறியடித்தது என்று ஆவணங்களால் நிறுவப்பட்ட காலத்தின் எண்களுக்கு ஒரு குறி. எண் இருக்கட்டும். பெயர் இருக்கட்டும். தங்கமும் இருக்கட்டும். பக்கத்தில் அது எந்தக் காற்றில் எறியப்பட்டது என்று ஒரு சொல் இருக்கட்டும். ஓட்டக்காரியாக இருந்து பிற்பாடு எழுத்தாளரான இனெஸ் கைப்பெல், 1984இல் தன் சங்கத்தோடு சேர்ந்து ஓடிய தொடர் ஓட்டச் சாதனையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்டார். பெயர் இருந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி வந்தது. ஒரு வீராங்கனை தனியாளாகப் போராடி வாங்கிய குறி அது. மற்றவர்களையும் அப்படி வந்து கெஞ்ச வைக்காமல் சங்கங்களே செய்ய வேண்டிய வேலை.

இதற்கு ஒரு எதிர்வாதம் வரும். கிழக்கு ஜெர்மனிக்கு மட்டும் குறி போட்டால், ஆவணம் விட்டுவைக்காமல் அழித்தவர்கள் தப்பிக்கிறார்களே? வலுவான வாதம்தான். எழுதிவைத்தவன் மாட்டுகிறான், எரித்தவன் பிழைக்கிறான். ஆனால் இதற்காக எழுதப்பட்டதையும் படிக்காமல் விடுவது என்பது, எல்லாத் திருடனும் அகப்படும் வரை எந்தத் திருட்டையும் பதிவு செய்ய மாட்டேன் என்பது போலாகும். குறி என்பது தண்டனை இல்லை என்று ஏற்றுக்கொண்டால் இந்த வாதத்தின் பாதி வலு போய்விடும். ஆதாரம் இருக்கும் இடத்தில் ஆதாரத்தைச் சொல்கிறோம், அவ்வளவே.

இது யாருக்கு முக்கியம்?

நாற்பது வருஷப் பழைய எண்ணுக்கு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும். இறந்த காலத்துக்காக மட்டும் இல்லை.

நியூசிலாந்தின் வலெரி ஆடம்ஸ் நான்கு முறை உலக சாம்பியன், இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம். அவரது வாழ்நாள் சிறந்த தூரம் 21.24, 2011 தேகுவில் எறிந்தது. பட்டியலை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு அவர் ஒலிம்பிக் சாதனைக்கு 1 மீட்டர் 17 சென்டிமீட்டர் பின்னால் நிற்கிறார். தன் காலத்தை முழுசாக ஆண்ட ஒருவர், பட்டியலில் வெறும் முயற்சி செய்தவராகத் தெரிகிறார். சாதனை முறியும் என்ற எதிர்பார்ப்புதான் ஒரு போட்டிக்குப் பார்வையாளரைக் கூட்டி வரும். பெண்கள் குண்டு எறிதலில் அந்த எதிர்பார்ப்புக்கே இடமில்லை. ஒலிபரப்பில் சாதனைக் கோடு ஒன்று போட்டால் குண்டு அதற்கு இரண்டு மீட்டர் முன்னாலேயே விழுந்துவிடும். ஏமாற்றியது 1980. விலை கொடுப்பது இன்று ஆடுகிற பெண்கள்.

2024 பாரிஸ் இறுதிப் போட்டி மழையில் நடந்தது. வட்டம் வழுக்கி, பல பேர் நிலை தடுமாறினார்கள். கடைசிச் சுற்றுக்கு முன்பு வரை நியூசிலாந்தின் மேடி வெஷ் 19.86உடன் முன்னணியில் இருந்தார். ஒகுன்லேயே தன் ஆறாவது முயற்சியில் 20.00 எறிந்து தங்கத்தை எடுத்துக்கொண்டார். 1976இல் இலோனா ஷோக்னெக்ட் என்ற பத்தொன்பது வயதுப் பெண் ஐந்தாம் இடம் பெற்ற தூரம் 20.54. ஐந்தாம் இடம்! அந்தப் பட்டியலில் ஒகுன்லேயே பதக்கத்துக்குக் கிட்டேகூட வரமாட்டார்.

ஜெர்மனிக்குப் பெண்கள் குண்டு எறிதலில் இதுவரை ஐந்து ஒலிம்பிக் தங்கங்கள். கும்மெல் 19.61, ஸ்லூபியானெக் 22.41, லாஸ் ஏஞ்சலஸில் ஒரே ஒரு சென்டிமீட்டரில் வென்ற மேற்கு ஜெர்மனியின் க்ளௌடியா லோஷ் 20.48, அஸ்ட்ரிட் கும்பர்னுஸ் 20.56, ஒகுன்லேயே 20.00. இந்த ஐந்து எண்களையும் எந்தக் குறிப்பும் இல்லாமல் கீழே கீழே எழுதி ஒரு பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்தால், இரண்டாவது பெண் மிகப் பெரியவர், ஐந்தாவது பெண் சுமார் என்றுதான் அந்தப் பிள்ளை சொல்லும். பிள்ளைமேல் தப்பு இல்லை. பட்டியல் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறது.